ஒரு நானோமீட்டர் ஆக்சைடும் என் மல்டிமீட்டரும்

போர்ச்சுகலின் வடக்கில் பிராகா என்னும் நகரத்தில் இயங்கும் சர்வதேச ஐபீரிய நானோதொழில்நுட்ப ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகப் பணிபுரிந்தேன். அங்கிருந்து நான் எழுதிய கட்டுரைகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அவற்றைப் படிக்க வேண்டிய சிலர் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு மாத உழைப்பை என் கையாலேயே கெடுத்துக்கொண்டதையும், அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட வேலைமுறைகளையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தகைய ஆய்வகங்களுக்குப் போகவிருக்கும் நம் ஊர் மாணவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, வாடகை, சமையல், குளிர் ஆகியவற்றைப் பற்றித்தான். அவை எல்லாம் இரண்டு மூன்று மாதங்களில் எப்படியோ தீர்ந்துவிடுகின்றன. ஆய்வகத்துக்குள் நாம் நம்மையறியாமல் எடுத்துச் செல்லும் பழக்கங்கள் அவ்வளவு சீக்கிரம் தீர்வதில்லை. என் வேலையைக் கெடுத்ததும் அவைதான்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அது ஒரு பல்கலைக்கழகத்தின் துறையன்று. ஒரு தனி நாட்டின் நிறுவனமும் அன்று. 2005 நவம்பரில் எவொரா நகரில் நடந்த போர்ச்சுகல்–ஸ்பெயின் உச்சி மாநாட்டில் இரு அரசுகளும் கூட்டாக எடுத்த முடிவின் விளைவாக, அரசுகளுக்கிடையேயான அமைப்பு என்ற சட்டத் தகுதியோடு அது பிறந்தது. கட்டடம் 2009 ஜூலையில் திறந்துவைக்கப்பட்டது. முதல் தலைமை இயக்குநராக ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொசே ரிவாஸ் இருந்தார். மின்யோ பல்கலைக்கழக வளாகத்துக்கு மிக அருகில், முன்பு பிராகலாந்தியா என்ற கேளிக்கைப் பூங்கா இருந்த நிலத்தில் அது நிற்கிறது. நான் போய் இறங்கிய நாளில் என்னை அழைத்துச் சென்ற டாக்சி ஓட்டுநருக்கு ஆய்வகத்தின் பெயர் சட்டென்று விளங்கவில்லை. பூங்கா இருந்த இடம் என்று கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்து, தம் பிள்ளைகளை அங்கே ராட்டினம் சுற்ற அழைத்துப் போன கதையை ஆய்வக வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. கைகளைச் சுழற்றியதிலிருந்து ராட்டினம் என்று புரிந்துகொண்டேன்.

உள்ளே போனவுடன் எனக்குப் புதிதாகப் பட்டது கருவிகளின் விலையோ எண்ணிக்கையோ அல்ல. அவை எந்தக் குழுவுக்கும் சொந்தமாக இல்லாததுதான் புதிது. நான் முனைவர் பட்டம் செய்த இடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பேராசிரியர் உரிமையாளர். அவருடைய மாணவரின் தயவு இருந்தால்தான் அடுத்த துறைக்காரர் தம் மாதிரியை உள்ளே வைக்க முடியும். இங்கே நுண்புனைவுக்கான, காற்றில் தூசி வடிகட்டப்பட்ட தூய்மை அறை, எலெக்ட்ரான் நுண்ணோக்கிகள், பரப்பு ஆய்வுக் கருவிகள் எல்லாம் பொது. காந்த உணரிகள் செய்பவர், உணவில் கிருமிகளைக் கண்டறியும் சில்லுகள் செய்பவர், சூரிய மின்கலம் செய்பவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நேரம் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். நுண்ணோக்கிகள் இருக்கும் பகுதி மட்டும் அதிர்வும் மின்காந்தக் குறுக்கீடும் எட்டாதபடி தனியாக அமைக்கப்பட்டிருக்கிறது. அணுக்களின் அடுக்கைப் படமெடுக்கும்போது வெளியே ஒரு லாரி போனாலும் படம் கலங்கிவிடும் என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். அதற்காக ஒரு கட்டடத்தையே அப்படித் திட்டமிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

என் வேலை காந்தச் சுரங்கச் சந்திகளை உணரிகளாக மாற்றுவது. இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மக்னீசியம் ஆக்சைடு என்னும் மின்கடத்தாப் பொருளை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு, அதாவது ஐந்து அணு அடுக்குகள் அளவுக்கு, படியவைக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய தடுப்பை எலெக்ட்ரான்கள் குவாண்டம் சுரங்கமாக்கல் என்ற வகையில் கடந்துவிடும். இரு பக்கத்துக் காந்தத் திசைகளும் ஒன்றாக இருந்தால் மின்தடை குறைவு. எதிரெதிராக இருந்தால் அதிகம். வெளியிலிருந்து வரும் சிறு காந்தப்புலம் ஒரு படலத்தின் திசையைத் திருப்பும்போது மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் காந்தப்புலத்தை அளந்ததாகும். 1988-இல் கண்டறியப்பட்டு 2007-இல் ஆல்பெர் ஃபேர், பீட்டர் குரூன்பெர்க் இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித்தந்த, காந்தப்புலத்தால் மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை பெரிதும் மாறும் பெருங்காந்தத்தடை விளைவின் அடுத்த தலைமுறை இது. அறை வெப்பநிலையில் இந்தச் சந்தி நன்றாக வேலை செய்யும் என்று 1995-இல் காட்டியவர்களில் ஒருவரான ஜகதீஷ் மூடேரா, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவுக்குப் போனவர். 2004-இல் மக்னீசியம் ஆக்சைடைத் தடுப்பாக வைத்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாகச் செய்த ஆய்வுகள் மின்தடை மாற்றத்தை 200 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுபோனதும், கணினி வன்தட்டின் படிப்புமுனையிலிருந்து வாகன உணரி வரை இந்தச் சந்தி பரவிவிட்டது.

தூய்மை அறைக்குள் நுழைவதற்கு முன்பே என் முதல் பழக்கம் இடித்தது. வாராவாரம் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வது வீட்டு வழக்கம். பிராகாவிலும் அதை விடவில்லை. பயிற்சியின்போது பொறுப்பாளர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு, அது பொடியா என்று கேட்டார். பொடிதான். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறைத் தாண்டக் கூடாது என்பது நூறாம் வகுப்புத் தூய்மை அறையின் கணக்கு. நாம் உட்கார்ந்திருக்கும் சாதாரண அறையில் அந்த எண்ணிக்கை பல லட்சம். அந்தத் துகள்களில் ஒன்று என் உணரியின் மேல் விழுந்தால், இரண்டு மைக்ரான் அகலக் கோட்டை அது அறுத்துவிடும். நெற்றியைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் மாலையில் வீடு திரும்பிய பிறகே பூசிக்கொண்டேன். நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. முகப்பவுடர் கூடாது. குங்குமமும் சந்தனமும் காய்ந்தால் உதிரும். தலைக்கு எண்ணெய் தடவியிருந்தால் தொப்பியின் விளிம்பில் ஏறி, அங்கிருந்து கையுறைக்கும், கையுறையிலிருந்து இடுக்கிக்கும் போகும். கம்பளிச் சட்டையின் இழை மேலங்கிக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. பென்சிலும் சாதாரணத் தாளும் உள்ளே போகவே கூடாது. குறிப்பெழுத, இழை உதிராத தனித் தாள் உண்டு. இதையெல்லாம் யாரும் மதத்தோடோ அழகோடோ சேர்த்துப் பேசுவதில்லை. அந்த அறையில் மிகப் பெரிய தூசி மூட்டை மனிதன்தான் என்பது மட்டுமே அவர்கள் கவலை.

உடுப்பு மாட்டும் வரிசையும் முக்கியம். தலைவலை, முகக்கவசம், முதல் கையுறை, தலைமூடி, மேலங்கி, காலுறை, இரண்டாம் கையுறை என்று மேலிருந்து கீழாகப் போக வேண்டும். மேலங்கியின் கால் தரையில் புரளாதபடி அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதற்கு எனக்கு இரண்டு வாரப் பயிற்சி தேவைப்பட்டது. உள்ளே போனபின் மூக்கு அரிக்கும், அரிக்கத்தான் செய்யும். சிறுநீருக்கு வெளியே வந்தால் மீண்டும் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும் என்பதால், காலைக் காப்பியின் அளவை வேலைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

இனி என் வேஃபருக்கு, அதாவது சில்லுகள் செய்யப் பயன்படும் மெல்லிய வட்டத் தகட்டுக்கு, வருகிறேன். இருநூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் வேஃபரில் பல படலங்களைப் படியவைத்து, வெற்றிடத்தில் காந்தப்புலத்தின் நடுவே முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி, பிறகு ஒளியால் வடிவம் பதித்து, ஆர்கான் அயனிகளால் அரித்து, மின்காப்புப் படலம் இட்டு, மேல்மின்வாய் போட்டு முடிக்க என் படிமுறைத் தாளில் நாற்பத்தொரு படிகள் இருந்தன. படிமுறைத் தாள் என்பது வேஃபரோடு கூடவே போகும் குறிப்பு. இதில்தான் என் இரண்டாவது பழக்கம் இடித்தது. நான் தாளில் எழுதியதெல்லாம் என்ன செய்ய நினைத்தேனோ அது. உண்மையில் என்ன நடந்ததோ அது அன்று. ஒளியால் வடிவம் பதிக்க உதவும் போட்டோரெசிஸ்ட் என்ற பூச்சைப் பூசிய வேஃபரை 85 டிகிரியில் ஒரு நிமிடம் சுட வேண்டும் என்றால், சுட்டுவிட்டு 85, ஒரு நிமிடம் என்று எழுதி ஒரு சரிக்குறி போட்டுவிடுவேன். ஒருநாள் எனக்கு முன்பு அதே சூட்டுத்தட்டை வேறொருவர் 110 டிகிரியில் பயன்படுத்தியிருந்தார். நான் 85 என்று அமைத்துவிட்டுத் தட்டு ஆறும் வரை நிற்காமல் வேஃபரை வைத்துவிட்டேன். திரையில் நான் அமைத்த எண்ணும் பக்கத்தில் தட்டின் உண்மை வெப்பநிலையும் இரண்டும் தெரிந்துகொண்டுதான் இருந்தன. அதிகமாகச் சுடப்பட்ட ரெசிஸ்ட் இறுகிப்போய், அசிட்டோனில் ஓர் இரவு ஊறிய பிறகும் முழுவதும் கழன்று வரவில்லை. கோடுகளின் ஓரத்தில் உலோகம் காதுபோல் நிமிர்ந்து நின்றது. என்ன காரணம் என்று தாளைப் புரட்டினால், தாள் 85 என்று பொய் சொல்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் இரண்டு கட்டங்கள் வரைந்துகொண்டேன். இடப்பக்கம் அமைத்தது, வலப்பக்கம் அளந்தது. வலப்பக்கக் கட்டத்தை வேலை நடக்கும் இடத்திலேயே நிரப்ப வேண்டும். மாலையில் மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் கை தானாக இடப்பக்கத்தைப் பார்த்து எழுதும்.

அந்தக் காதுகள் ஒரு சிறு இழப்பு. பெரியது அயனி அரிப்பில் தொடங்கியதாக நான் நம்பினேன். சுரங்கச் சந்தியைத் தூண்போல அரித்தெடுக்கும்போது, மேலிருந்து நேராக அயனிகளைப் பாய்ச்சினால், அரிக்கப்பட்ட உலோக அணுக்களில் ஒரு பகுதி தூணின் பக்கச்சுவரிலேயே மீண்டும் படியும். தடுப்பு ஒரு நானோமீட்டர்தான். பக்கச்சுவரில் ஓரிரு அடுக்கு உலோகம் படிந்தாலே மேல் கீழ் மின்வாய்கள் நேரடியாக இணைந்து, சந்தி செத்துவிடும். அதனால் முதலில் செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் அரித்து, பிறகு வேஃபரை நன்றாகச் சாய்த்துப் பக்கச்சுவரைத் துடைப்பதுபோல இரண்டாம் முறை அரிப்பது இத்துறையின் நடைமுறை. முதல் வேஃபரை இப்படி முடித்து, வெட்டி, முப்பத்தாறு உணரிகள் கொண்ட சில்லுகளை அளவிடும் மேசைக்குக் கொண்டுவந்தேன். சில்லை அச்சிட்ட பலகையில் ஒட்டிக் கம்பி பிணைத்துக் கொடுத்தார்கள். அளவிடும் கருவியில் மாட்டுவதற்கு முன், இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று என் பையிலிருந்த மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அது நான் இளநிலை படித்த காலத்திலிருந்து என்னோடு வருவது. ஊரில் எதை இணைத்தாலும் முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பது என் ஆசிரியர் கற்றுத்தந்த நல்ல பழக்கம்; இன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் அது நல்ல பழக்கம்தான்.

சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டிய உணரிகள் முப்பத்தாறும் இருபது, முப்பது ஓம் என்று காட்டின. பக்கச்சுவர்ப் படிவு என்று உடனே முடிவுகட்டினேன். பாடநூல் சொல்லும் நோய்க்குறி அப்படியே பொருந்தியது. அடுத்த வேஃபரில் இரண்டாம் அரிப்பின் கோணத்தை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன். மின்காப்புப் படலத்தை இன்னும் தடிமனாக்கினேன். நாற்பத்தொரு படிகளுக்கும், கருவிகளுக்குக் காத்திருந்ததற்கும் சேர்த்து எட்டு வாரம் போனது. மீண்டும் சில்லு, மீண்டும் மீட்டர், மீண்டும் இருபது ஓம். குழுக் கூட்டத்தில் பக்கச்சுவர்ப் படிவைப் பற்றி எட்டுப் பக்கம் விளக்கப்படம் காட்டினேன். நுண்ணோக்கியில் குறுக்குவெட்டு எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பின் நடுவில் ஒரு பிற்பகல், அளவீட்டு அறைக்குப் பொறுப்பான தொழில்நுட்பர் தற்செயலாக உள்ளே வந்தார். அந்த அம்மையார் அதிகம் பேசாதவர். நான் இன்னொரு சில்லை எடுத்து மீட்டரின் சிவப்பு முனையை அதன் மேல் வைக்கப்போன நேரம். என் கையைப் பிடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மீட்டரை மேசையிலிருந்து எடுத்து, அதன் கம்பிகளைச் சுற்றி, தம் மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டார். பிறகு ஒரு தாளில் இரண்டே எண்களை எழுதினார். ஒரு நானோமீட்டர், ஒரு வோல்ட்.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் இயற்பியல் படித்தவன். மின்தடையை அளக்கும் நிலையில் கைமீட்டர்கள் தம் முனைகளுக்கிடையே சில வோல்ட் வரை கொடுக்கக்கூடியவை. ஒரு நானோமீட்டர் மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே உடைந்துவிடும். ஒரு மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற மின்புலம் அது. தொட்ட கணத்திலேயே தடுப்பில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டையின் மின்தடையைத்தான் மீட்டர் எனக்கு இருபது ஓம் என்று உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உணரி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் செய்த சோதனையே உணரியைக் கொன்றது. முதல் வேஃபர் முழுவதும் ஒருவேளை நல்ல வேஃபராகவே இருந்திருக்கலாம். அதை இனி யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு சில்லைக்கூட நான் தொடாமல் விட்டுவைக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மீட்டரின் வோல்ட் கணக்கு தெரியாமல் போவது அறியாமை, தெரிந்ததும் தீர்ந்தது. முப்பத்தாறில் ஆறையாவது பெட்டியில் அப்படியே வைத்திருந்தால், கோளாறு வேஃபரிலா அளவீட்டிலா என்று ஒரே நாளில் பிரித்துப் பார்த்திருக்கலாம். அதன் பிறகு எந்த வேஃபரிலும் நான்கில் ஒரு பகுதியை முடிவு தெரியும் வரை தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்னொரு சோதனையும் என் கண்ணெதிரே இருந்தது. ஒரே சில்லில் பல பரப்பளவுகளில் சந்திகள் செய்திருந்தேன். சந்தி உயிரோடு இருந்தால் மின்தடையையும் பரப்பையும் பெருக்கிய மதிப்பு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். சின்னச் சந்தி பெரிய தடை, பெரிய சந்தி சின்னத் தடை. பக்கச்சுவர்ப் படிவாக இருந்தால் தடை சுற்றளவைப் பொறுத்து மாறும். என்னுடைய முப்பத்தாறும் பரப்பையோ சுற்றளவையோ சட்டை செய்யாமல் கண்டபடி இருந்தன. அந்த வரைபடத்தை நான் முதல் வாரத்திலேயே போட்டிருந்தேன். நான் ஏற்கெனவே நம்பிய காரணத்துக்கு அது பொருந்தாததால் விளக்கப்படத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

மூன்றாவது வேஃபரை அந்த அம்மையார் சொன்னபடியே அளந்தேன். உடம்பின் நிலைமின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் நிலப்பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பளத்தில் நடந்து வந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம் ஏறும். மூவாயிரம் வோல்ட் அளவுக்குக் கீழே நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாது, ஆனால் சந்திக்குத் தெரியும். சில்லை மாட்டும் வரை அதன் எல்லா முனைகளும் ஒன்றோடொன்று குறுக்கிணைத்து இருக்க வேண்டும். மின்னழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கக்கூடிய, தானே மின்சாரம் கொடுத்து அளக்கும் மூலமானியைப் பயன்படுத்தி, பூஜ்யத்திலிருந்து தொடங்கி பத்து மில்லிவோல்ட்டில் நிறுத்த வேண்டும். மூலமானியை இயக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பியைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. இவ்வளவும் செய்து முதல் உணரியைத் தொட்டபோது 4,300 ஓம் காட்டியது. காந்தப்புலத்தைத் திருப்பியதும் அது ஏறி, 9,000-த்தைத் தாண்டி நின்றது. நான் எழுந்து போய்ச் சன்னலருகே சிறிது நேரம் நின்றேன். வெளியே மழை, பிராகாவில் அது செய்தியன்று.

இவ்வளவுக்கும் நான் முதல் நாளிலேயே அவரிடம் கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் மூன்றாவது பழக்கம் காரணம். நம் ஊரில் மூத்தவரிடம் அடிப்படைக் கேள்வி கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்ற பதில் வரும் என்ற பயத்திலேயே வளர்ந்திருக்கிறோம். போதாக்குறைக்கு, முனைவர் பட்டம் வாங்கியவன் தொழில்நுட்பரிடம் போய்க் கேட்பதா என்ற ஒரு கேவலமான எண்ணமும் எனக்குள் எங்கோ இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மூன்று வாரம் எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட்டு, அவர்களுக்கும் எனக்குமிடையே இல்லாத ஒரு சுவரைக் கட்டினேன். கேட்பவன் தெரியாதவன் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. புதிய கருவிக்கு முன்னால் கேள்வியே இல்லாமல் நிற்பவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். புனைவுப் பகுதியில் இருக்கும் செயல்முறைப் பொறியாளர்கள் ஒரே கருவியில் பல ஆண்டுகள், பல குழுக்களின் தோல்விகளைப் பார்த்தவர்கள். வேஃபரில் ஒளியால் வடிவம் பதிக்கும் அச்சுத்தகட்டின் (மாஸ்க்) வடிவத்தை வரைந்து முடிப்பதற்கு முன்பே அவர்களிடம் ஒரு காப்பி நேரம் கேட்டு உட்காருங்கள். அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று பொருத்துவதற்கான குறிகள் மூன்றாவது அரிப்பில் மறைந்துபோகும் என்பதை என் வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்தே ஒருவர் சொல்லிவிட்டார். நான் ஐந்து வாரம் கழித்துத் தெரிந்துகொண்டிருப்பேன்.

பொதுக் கருவிகளில் நேரம் பதிவுசெய்வதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. வேண்டியதைவிட அதிக நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது நம் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது. இரண்டு முறை செய்தால் போதும், மூன்றாம் முறை அவசரத்துக்கு உங்களுக்கு யாரும் இடம் தரமாட்டார்கள். வேலை தள்ளிப்போனால் முதல் நாளே பதிவை விட்டுக்கொடுங்கள். முழு வேஃபரை உள்ளே வைப்பதற்கு முன் வெறும் சிலிக்கான் துண்டு ஒன்றில் அன்றைய அரிப்பு வேகத்தைப் பாருங்கள். கருவி நேற்றுப் போலவே இன்றும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் நேற்றிரவு அதற்குள் யார் எதை வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எந்தப் பொருளை எந்தக் கருவிக்குள் விடலாம் என்ற பட்டியலை மதியுங்கள். தங்கம் பட்ட வேஃபர் ஒன்றைத் தவறான உலைக்குள் வைத்தால் பாதிக்கப்படுவது உங்கள் வேலை மட்டுமாக இருக்காது.

அமிலங்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்றே ஒன்று. சிலிக்கான் ஆக்சைடைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை நம் கல்லூரிகளில் சாதாரணக் கையுறையோடு கையாளுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காது, அதுதான் ஆபத்து. அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும்போது மிகவும் தாமதமாகியிருக்கலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமலும், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமலும் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். கால்சியம் களிம்பு இல்லையென்றால் வழிகாட்டியிடம் கேளுங்கள். வாங்கித்தரும் வரை அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலும் நான் ஏமாந்திருக்கிறேன். வரிசைவருடி நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் தூண் வேலை செய்யும் தூண் என்று பொருளில்லை. என் மல்டிமீட்டர் கொன்ற சந்திகளெல்லாம் படத்தில் சிலைபோல அழகாக இருந்தன. மூன்று வாரம் காத்திருந்து எடுத்த குறுக்குவெட்டில் பக்கச்சுவர் சுத்தமாக இருந்தது. ஓட்டை இருந்திருக்க வேண்டிய இடம் அந்த மெல்லிய சீவலுக்குள் வரவேயில்லை. நூறு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் எடுக்கும் ஒரு சீவல், இரண்டு மைக்ரான் அகலச் சந்தியின் மிகச் சிறிய பகுதியைத்தான் காட்டுகிறது. படம் எடுத்தவர் எந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

இங்கிருந்து போக விரும்புவோருக்கு: ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் மரீ கியூரி ஆய்வு நல்கையின் வழியாக ஐரோப்பாவுக்குப் போவதானால், விண்ணப்பிக்கும் காலத்துக்கு முந்தைய முப்பத்தாறு மாதங்களில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நீங்கள் போகவிருக்கும் நாட்டில் தங்கியிருக்கவோ முதன்மையாகப் பணியாற்றியிருக்கவோ கூடாது என்ற விதியை முதலில் பாருங்கள், நண்பர் ஒருவர் மிகச் சிறந்த ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்த பிறகே இதைக் கவனித்தார். தூய்மை அறையையே பார்க்காமல் போய் அங்கே முதன்முதலாக உடுப்பு மாட்டுவதைவிட, இங்கேயே கொஞ்சம் பழகிவிட்டுப் போவது நல்லது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொடங்கிய இந்திய நானோமின்னணுப் பயனாளர் திட்டம் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தூய்மை அறையைத் திறந்துவிடுகிறது. அறிமுகப் பயிலரங்கும் கைப்பயிற்சியும் நடத்துகிறார்கள். அங்கே ஒரு வாரம் நின்று ஒரு வேஃபரைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கொண்டுபோனால், நேர்காணலில் பேச ஏதாவது இருக்கும். விண்ணப்பத்தோடு கட்டுரைப் பட்டியலை எல்லோரும் அனுப்புகிறார்கள். கோளாறான ஒரு வேஃபரின் படிமுறைத் தாளை, வலப்பக்கக் கட்டங்களை மறைக்காமல், ஒரு பக்கமாகச் சுருக்கி இணைத்து அனுப்புங்கள். என்னுடைய அடுத்த வேலைக்கான நேர்காணலில் ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.